கதவுக்கும் ஓர் எண்ணெய் உண்டு: மலையக வாகனங்களும் உராய்வுநீக்கித் தெரிவும்

வாகனம் வைத்திருப்பவர் இயந்திரத்தின் ஒயிலைப் பற்றிக் கவலைப்படுவார். டயரையும் பிரேக்கையும் பற்றி விசாரிப்பார். கதவைப் பற்றி அவர் நினைப்பது அது கிறீச்சிடும்போது மாத்திரமே. அப்போதும் கைக்கு எட்டிய எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, சத்தம் நின்றதும் காரியம் முடிந்ததாகக் கருதிவிடுகிறார். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட், மஸ்கெலியா போன்ற பிரதேசங்களில் இந்த அலட்சியம் சிறிய விடயமன்று. ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமுமாக வளைந்து செல்லும் தோட்டப் பாதைகளில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனின் இழுவைக் கதவு முழுமையாகப் பூட்டிக்கொள்கிறதா என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியாகும்.

இக்கேள்வி அண்மைய ஆண்டுகளில் மேலும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடி அத்தடையை நீளச் செய்தது. தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. வழி திறந்த பின்னரும் வரிச்சுமையின் காரணமாகப் புதிய வாகனம் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. எனவே, ஏற்கனவே பல ஆண்டுகள் ஓடிய ஜப்பானிய வேன்களும், தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர்களும், இன்னமும் ஓய்வு பெறாத மொரிஸ் மைனர்களுமே மலையகத்துப் பாதைகளில் மக்களைச் சுமக்கின்றன. உள்ளதைப் பேணிக்கொள்வதே இன்றைய சிக்கனம். அதன் மிகமலிவான அம்சம் சரியான இடத்தில் சரியான உராய்வுநீக்கியை இடுவதாகும்.

மலையகத்தின் காலநிலை இதில் முதற்காரணியாகும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அதன் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில அதிகாலைகளில் அங்கு புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. ஹட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளை, இலங்கையில் ஆகக்கூடிய மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும். அங்கு ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்கிறது. மழை ஓய்ந்த வேளையில் மூடுபனி வந்து சேர்கிறது. ஆகவே வாகனத்தின் இரும்புப் பாகங்கள் ஆண்டின் பெரும்பகுதியில் ஈரத்தோடேயே வாழ்கின்றன.

வாகனக் கதவு மழைநீர் புகாத பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கண்ணாடியை ஒட்டி வழியும் நீரில் ஒரு பகுதி கதவின் உட்புறத்திற்குள் இறங்குகிறது. அது வெளியேறுவதற்காகவே கதவின் அடிவிளிம்பில் சிறு துவாரங்கள் விடப்பட்டுள்ளன. சேறும் இலைச்சருகும் அத்துவாரங்களை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்குகிறது. கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. பூட்டுப் பொறியும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியும் அந்த ஈரத்தில் கெடுகின்றன. ஆகவே எந்த எண்ணெயை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னர், ஒரு மெல்லிய குச்சியினால் அத்துவாரங்களைத் திறந்துவிடுவதே முதற்பணியாகும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

உராய்வுநீக்கி என்றால் என்ன? நமது செய்திகளில் மசகெண்ணெய் என்ற சொல் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் சுத்திகரிக்கப்படாத எண்ணெயைக் குறிப்பதற்கே பெரிதும் வழங்குகிறது. குழப்பத்தைத் தவிர்க்க, பாடநூல்களில் பயிலும் உராய்வுநீக்கி என்ற சொல்லையே இங்கு கையாளுகிறோம். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றும் இரும்பின் மேற்பரப்பும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்ததே. இரு பரப்புகள் ஒன்றின்மீது ஒன்று நகரும்போது அம்மேடுகள் மோதித் தேய்கின்றன. இடையில் ஒரு மெல்லிய படலத்தை வைத்து அவற்றைப் பிரிப்பதே உராய்வுநீக்கியின் பணி. ஈரமும் காற்றும் உலோகத்தைத் தீண்டாமல் காப்பது அதன் இரண்டாவது பணி. மலையகத்தில் இந்த இரண்டாவது பணி முதலாவதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

எண்ணெய் ஓடக்கூடியது, ஆகவே ஒடுங்கிய இடைவெளிகளுக்குள் எளிதில் புகும், அதே எளிமையோடு வழிந்தும் போகும். கிரீஸ் அவ்வாறன்று. அதில் பெரும்பங்கு எண்ணெயே. அந்த எண்ணெயை ஒருவகைச் சவர்க்காரம் கடற்பஞ்சு நீரைத் தாங்குவதுபோலத் தாங்கி வைத்திருக்கிறது. அந்தச் சவர்க்காரம் எது என்பதைப் பொறுத்தே கிரீஸின் குணம் அமைகிறது. சோடியம் சவர்க்காரத்தால் ஆன கிரீஸ் நீரில் கரைந்து போகும். மழைநாட்டுக் கதவுக்கு அது உதவாது. கல்சியம் கிரீஸ் நீரை நன்கு எதிர்க்கும். லித்தியம் கிரீஸ் நீரையும் வெப்பத்தையும் ஓரளவு சேர்த்தே தாங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற லித்தியம் கிரீஸே இன்று உலகெங்கும் மிகப் பரவலாகப் பயன்படுகிறது.

இங்கு ஒரு சுவையான தொடர்பு உண்டு. மாட்டுவண்டியின் அச்சுக்கு நம் முன்னோர் பூசிய வண்டிமை, ஆமணக்கெண்ணெயோடு வைக்கோற்கரியைக் குழைத்துச் செய்யப்பட்டது. இன்றைய லித்தியம் கிரீஸின் சவர்க்காரப் பகுதிக்குத் தேவைப்படும் கொழுப்பமிலமும் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயிலிருந்தே பெறப்படுகிறது. பழைய வகைக் கிரீஸ்கள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு சேர்ந்ததுண்டு. துப்பாக்கித் தோட்டாவில் பூசப்பட்டது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற ஐயம் 1857இல் இந்தியச் சிப்பாய்களிடையே எத்தகைய கொந்தளிப்பை மூட்டியது என்பதை வரலாறு அறியும். கையில் படும் பொருளைப் பற்றி இந்துக்களோ முஸ்லிம்களோ வினவுவது இயல்பே. அவ்வாறு வினவுவோர், ஆமணக்கை மூலமாகக் கொண்ட லித்தியம் வகையா என்பதைத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இனி, கடைகளில் கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம். முதலாவது, துருவை இளக்கும் மெல்லிய ஸ்பிரே. இவற்றுள் பெயர்பெற்ற டபிள்யூ.டி.40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவாக்கப்பட்டது. நீரை விலக்குவதற்கான நாற்பதாவது முயற்சி வெற்றியளித்ததையே அப்பெயர் குறிக்கிறது. ஏவுகணையின் மேற்பரப்பைத் துருவிலிருந்து காப்பதே அதன் ஆரம்பப் பயன். ஈரத்தை விரட்டவும், இறுகிய பிணைச்சலை இளக்கவும், பழைய அழுக்கைக் கழுவவும் இவ்வகை ஸ்பிரே மிகச் சிறந்தது. ஆனால் அதன் கரைப்பான் விரைவில் ஆவியாகிவிடும். எஞ்சுவது மிக மெல்லிய படலமே. அதை அடித்தவுடன் கதவு மெதுவாகத் திறப்பதைக் கண்டு, வேலை முடிந்தது என நினைப்பதே நாம் எங்கும் காணும் தவறு. பூட்டில் முன்னர் இருந்த நல்ல கிரீஸையும் அது கழுவிவிட்டிருக்கும். எனவே சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்தலாம். அதன்பின் உரிய கிரீஸை இட்டேயாக வேண்டும்.

இரண்டாவது, வெள்ளை லித்தியம் கிரீஸ். பாரம் தாங்கும் உலோகப் பாகங்களுக்கு இதுவே உரியது. கதவுப் பிணைச்சல்கள், பூட்டுப் பொறி, கதவை இடையில் நிறுத்தும் பட்டை, பொனட்டின் கொக்கி, ஆசனம் நகரும் தண்டவாளம் ஆகியவை இதில் அடங்கும். ஸ்பிரேயாக வரும் வகை உள்ளிடுக்குகளுக்கும், டியூபில் வரும் வகை வெளிப்படையான பாகங்களுக்கும் வசதியானது.

மூன்றாவது, சிலிக்கன். இது இறப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் உரியது. கதவைச் சுற்றியுள்ள இறப்பர் பீடிங், கண்ணாடி ஓடும் பள்ளம் ஆகியவற்றில் பெற்றோலிய எண்ணெயையோ கிரீஸையோ பூசினால் இறப்பர் ஊதி மென்மையாகி நாளடைவில் சிதையும். சிலிக்கன் அவ்வாறு செய்யாது. உறைபனி விழும் காலையில் பீடிங் கதவோடு ஒட்டிக்கொள்வதையும் அது தடுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: வாகனத்திற்கு மீண்டும் வர்ணம் பூச உத்தேசித்திருந்தால் தகட்டின்மீது சிலிக்கன் படக்கூடாது. பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாமல் சிறு குழிகள் விழும். ஆகவே நேரடியாக அடிக்காமல் துணியில் அடித்துப் பூசுவது நன்று.

நான்காவது, உலர் உராய்வுநீக்கிகள். சாவித் துவாரத்திற்குள் கிரீஸை இட்டால் தூசு ஒட்டி, நுண்ணிய ஊசிகள் அசையாமல் நின்றுவிடும். அங்கு காரீயத் தூளோ, 1938இல் கண்டறியப்பட்டுப் பின்னர் டெப்லோன் என்ற பெயரில் சமையற்பாத்திரங்களில் அறிமுகமான பொருளைக் கொண்ட உலர் ஸ்பிரேயோ ஏற்றது. காரீயம் நமது மண்ணின் பொருள். கேகாலை மாவட்டத்துப் போகலை, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் அதன் தூய்மைக்காக உலகில் பெயர்பெற்றது. அதன் அடுக்குகள் சீட்டுக்கட்டுப் போல ஒன்றின்மீது ஒன்று வழுக்குகின்றன. காற்றில் ஓரளவு ஈரம் இருக்கும்போதே அவ்வழுக்கல் நன்கு நிகழும் என்பது மூடுபனி நாட்டிற்கு அனுகூலமான செய்தி. ஆயினும் காரீயத்தோடு எண்ணெயைக் கலந்தால் பசையாகிப் பூட்டை அடைத்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்துவதால் மின்பூட்டுகளுக்குள் தூவுவதும் ஆகாது.

எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் சொல்லப்பட வேண்டும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியாவில் காலைதோறும் போத்தலை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்து இளக்கும் இல்லத்தரசிக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. போத்தலில் உறைவது பூட்டிலும் உறையும். அத்துடன் சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டு நாளடைவில் பிசின்போல் இறுகும். கொழும்பின் வெப்பத்தில் சில வாரங்கள் ஏமாற்றக்கூடிய தேங்காயெண்ணெய், ஹட்டனில் ஓர் இரவிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும்.

கழிவு ஒயில் அதனினும் தீயது. இயந்திரத்தில் எரிந்து கறுத்த ஒயிலில் கரியும், அமிலமும், உலோகத் துகள்களும் சேர்ந்துள்ளன. அது உலோகத்தைக் காப்பதற்குப் பதிலாக அரிக்கும். தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய்க்கு ஏதுவாகலாம். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் படிந்த கறையோ போகாது. கழுவிவிடப்படும் கழிவு ஒயில் போய்ச் சேருமிடம் எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் களனி கங்கையின் தலைநீரைத் தாங்குபவை. கொத்மலை ஓயா மகாவலியைச் சேர்வது. மலையகத்தின் ஓடையில் நாம் ஊற்றும் ஒயில் தாழ்நில மக்களின் குடிநீரை நோக்கியே பயணிக்கிறது.

எண்ணெயே தீண்டக்கூடாத இடங்களும் உண்டு. ஆசனப்பட்டி சுருளும் பொறிக்குள் எதையும் இடலாகாது. பட்டி மெதுவாகச் சுருண்டால், இளஞ்சூட்டு நீரில் மிதமான சவர்க்காரம் கலந்து பட்டியைத் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். பிரேக் மிதி, சுக்கான், தரைவிரிப்பு ஆகியவற்றில் சிலிக்கன் படுமாயின் கால் வழுக்கும், கை வழுக்கும். மின் ஆளிகளுக்கு அவற்றுக்கென உள்ள துப்புரவுத் திரவமே ஏற்றது. ஆசனத்திற்குக் கீழே மஞ்சள் நிற இணைப்புகள் காணப்பட்டால் அவை பொதுவாகக் காற்றுப்பையோடு தொடர்புடையவை. தண்டவாளத்திற்குக் கிரீஸிடும்போது அவற்றைத் தொடாதிருப்பது அவசியம்.

பணியின் ஒழுங்கு எளிமையானது. முதலில் பழைய கிரீஸையும் மண்ணையும் துணியாலும் பழைய பற்தூரிகையாலும் நீக்க வேண்டும். அழுக்கின்மீது இடப்படும் கிரீஸ் மணலோடு சேர்ந்து அரத்தைப் போல் தேய்க்கும். பின்னர் உலரவிட்டு, சிறிதளவு இட்டு, கதவைப் பத்துத் தடவை திறந்து மூடி, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். வேனின் இழுவைக் கதவில் மேல், நடு, கீழ் என மூன்று உருளைத் தொகுதிகள் உள்ளன. கீழ்ப் பள்ளத்திலேயே சேறும் கூழாங்கல்லும் தேயிலைக் கொழுந்தும் சேர்கின்றன. உருளையின் அச்சுக்குச் சிறிது கிரீஸ் இடலாம். பள்ளம் முழுவதும் அள்ளிப் பூசினால் அது தூசைப் பிடிக்கும் பொறியாகிவிடும். ஸ்பிரேக்களிற் பெரும்பாலானவற்றில் எரியக்கூடிய வாயு அடங்கியிருப்பதால், பீடி, சிகரெட், விளக்கு, சூடான இயந்திரம் ஆகியவற்றின் அருகில் அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. ஏப்ரலில் ஒரு தடவையும் ஒக்டோபரில் ஒரு தடவையும், அதாவது பெருமழைகளுக்கு முன்னர், இப்பணியைச் செய்வது போதுமானது.

பூட்டுப் பொறியைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். கதவின் விளிம்பில் உள்ள கவை, தூணில் உள்ள வளையத்தைக் கவ்வுவதே பூட்டின் செயல். அது இரு படிகளில் நிகழ்கிறது: முதலில் அரைப்பூட்டு, பின்னர் முழுப்பூட்டு. பழைய கிரீஸ் இறுகிப்போன பூட்டில் வில் தன் பலத்தை இழக்கிறது. கவை அரைப்பூட்டிலேயே நின்றுவிடுகிறது. கதவு மூடியதாகத் தோன்றும். ஆனால் வளைவொன்றில் ஒரு குழந்தை சாய்ந்தால் திறந்துகொள்ளும். இதைப் பரிசோதிக்கக் கராஜுக்குப் போக வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்து, ஒரு திருகாணி முடுக்கியினால் கவையைத் தள்ளினால் இரண்டு தெளிவான கிளிக் ஒலிகள் கேட்க வேண்டும். பின்னர் கைப்பிடியை இழுத்தால் கவை உடனே விடுபட வேண்டும். அவ்வாறு விடுவித்த பின்னரே கதவை மூடலாம் என்பதை மறக்கலாகாது. இரண்டாவது ஒலி கேட்காத கதவு சேவைக்குத் தகுதியற்ற கதவாகும்.

பூட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என வாசகர் கேட்கலாம். 1950களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாகன விபத்துகளை ஆராய்ந்தபோது, மோதலின்போது கதவு திறந்து வெளியே எறியப்பட்டவர்கள் உள்ளேயே இருந்தவர்களைவிடப் பெரும் ஆபத்துக்குள்ளானதைக் கண்டனர். அதன் விளைவாக 1956ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அங்கு பூட்டுகள் வலுப்படுத்தப்பட்டன. 1968 முதல் கதவுப் பூட்டுக்கென்று சட்டபூர்வமான நியமமும் நடைமுறைக்கு வந்தது. சமதரையிலேயே அந்நிலை என்றால், வாகனம் பள்ளத்தில் உருளக்கூடிய மலைப்பாதையில் பூட்டின் பெறுமதி எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. விபத்தின் பின்னர் கதவு வெளியிலிருந்து திறக்குமா என்பதும் அதே பூட்டைப் பொறுத்ததே. மூடவேண்டிய வேளையில் மூடுவதும், திறக்கவேண்டிய வேளையில் திறப்பதுமே கதவின் கடமை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது வெள்ளத்திலும் சேற்றிலும் அகப்பட்ட வாகனங்கள் மலையகத்தில் ஏராளம். கழுவித் துடைத்து மீண்டும் பாதைக்கு வந்தவற்றின் கதவுகளுக்குள் மென்சேறு தங்கியிருக்கக்கூடும். அத்தகைய வாகனங்களின் உட்பலகையைக் கழற்றி, மின் இணைப்புகளில் நீர் படாது உட்புறத்தைச் சுத்தமான நீரால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே புதிய கிரீஸ் இடப்பட வேண்டும். இது தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்கவேண்டிய பணியாகும்.

இறுதியாக ஒரு விடயத்தை உரியோரின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். சந்தையிலுள்ள இப்பொருட்கள் பலவற்றின் மீது பயன்பாட்டு விளக்கமும் எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே காணப்படுகின்றன. எரியும் தன்மையுள்ளது என்ற வாசகத்தைக்கூட வாசிக்க இயலாத நிலையில் ஒரு சாரதி அதை வாங்கிச் செல்கிறார். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகளாக உள்ள நாட்டில், பாதுகாப்பு எச்சரிக்கையாவது இவ்விரு மொழிகளிலும் இருக்கச் செய்வது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் பொறுப்பாகும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் பொறிமுறை கற்கும் மலையக இளைஞர்கள் இயந்திரத்தோடு கதவையும் கற்றுக்கொள்வார்களாயின், அவர்களுக்கும் தொழில் உண்டு, மக்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையை வேனில் ஏற்றிவிடும் காலையில், கதவு மூடப்படும் ஓசையைச் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். அது முழுமையாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்று தோன்றினால் சாரதியிடம் சொல்லத் தயங்க வேண்டாம். ஒரு டியூப் கிரீஸும் அரைமணி நேர உழைப்பும் தீர்க்கக்கூடிய குறையை, ஒரு குடும்பத்தின் துயரமாக வளரவிடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.